தீவுகளுக்கு நிதி; லயங்களுக்கு?

கிளாஸ்கோ நகரில் 2021 நவம்பரில் நடைபெற்ற ஐ.நா. பருவநிலை மாநாட்டில், கடல்மட்ட உயர்வால் அச்சத்தில் வாழும் சிறு தீவு நாடுகளின் சாலைகள், துறைமுகங்கள், மின் கட்டமைப்பு ஆகியவற்றைப் புயலுக்கும் வெள்ளத்துக்கும் தாங்கும்படி செய்யும் திட்டம் ஒன்றைப் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். இந்தியா முன்னின்று உருவாக்கிய பேரிடர் தாங்கும் கட்டமைப்புக்கான கூட்டணியின் திட்டம் அது. பசிபிக் பெருங்கடலிலும் கரீபியக் கடலிலும் உள்ள நாடுகளின் தலைவர்கள் அதை வரவேற்றனர். பாராட்டுக்குரிய முயற்சிதான், அதில் ஐயமில்லை.

அந்த மாநாட்டுக்கு 15 மாதங்கள் முன்பு, 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த நான்கு லயங்கள் மண்ணோடும் பாறையோடும் அடித்துச் செல்லப்பட்டன. 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 4 பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏறத்தாழ அனைவரும் தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோரின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டாரம்.

நான்கு பக்கமும் நீர் சூழ்ந்த நிலத்தையே தீவு என்று பள்ளிப் பாடநூல் சொல்கிறது. பெட்டிமுடியைச் சூழ்ந்து கடல் இல்லை. ஆனால் அன்றிரவு அதுவும் ஒரு தீவாகத்தான் இருந்தது. பல நாள் மழையால் மின்சாரம் தடைப்பட்டுக் கைப்பேசிக் கோபுரம் செயலிழந்திருந்தது. இரவு பதினொரு மணிக்குச் சற்று முன் நேர்ந்த பேரழிவின் செய்தி, உயிர் தப்பியவர்கள் நடந்து சென்று சொன்ன பிறகே, பொழுது விடிந்து வெளியுலகுக்குத் தெரிந்தது. 2018 வெள்ளத்தில் சேதமடைந்த பெரியவாரை பாலத்துக்கு மாற்றாக அமைத்த தற்காலிகப் பாலமும் மழையில் போய்விட்டிருந்ததால், மீட்பு வாகனங்கள் மூணாறு பக்கமே தேங்கி நின்றன. அருகில் உள்ள மழைமானியில் ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாகியிருந்தது.

ஒரு லட்சத்தீவையோ அந்தமானையோ பற்றிப் பேசும்போது தில்லிக்கு உடனே புரிகிற 'துண்டிக்கப்படுதல்' என்ற சொல், மேற்குத் தொடர்ச்சி மலையின் தோட்டக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏனோ புரிவதில்லை.

கேள்வி நேரம் இல்லாத கூட்டத்தொடர்

பெட்டிமுடியில் உடல்களைத் தேடும் பணி இரு வாரங்களுக்கும் மேலாக நீடித்தது. அடுத்த மாதம், 2020 செப்டம்பர் 14-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. கரோனா காரணமாக அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரம் ரத்து செய்யப்பட்டிருந்தது. எழுத்துமூலமான பதில்கள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. அமைச்சரை எழுந்து நிற்க வைத்துத் துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. கூட்டத்தொடரும் திட்டமிட்ட நாளுக்கு முன்பே, செப்டம்பர் 23-இல் முடிந்துவிட்டது. வேளாண் சட்டங்கள் கிளப்பிய புயலில், மூணாறு மலையில் மண்ணுக்குள் போனவர்களின் வீட்டுப் பிரச்னை எங்கோ ஒதுங்கிப்போனது.

கேள்வி நேரம் இருந்திருந்தாலும் பதில் யாரிடமிருந்து வந்திருக்கும் என்பது இன்னொரு சிக்கல். பேரிடர் நிவாரணம் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் நலன் தொழிலாளர் அமைச்சகத்துடையது. தேயிலை வாரியமோ வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலியல் பாதுகாப்பு சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இருக்கிறது. நிலமோ மாநிலப் பட்டியலில். ஓர் அமைச்சகத்திடம் கேட்டால் இன்னொன்றைக் கைகாட்டுவதும், எல்லாரும் சேர்ந்து மாநில அரசைக் கைகாட்டுவதும் நாடாளுமன்ற மரபாகவே ஆகிவிட்டது.

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் ஏறத்தாழ 300 பேரைப் பலிகொண்ட நிலச்சரிவு நேர்ந்தபோது நாடாளுமன்றம் கூடியிருந்தது. எனவே விவாதம் நடந்தது. ஆனால் அது எதைப் பற்றிய விவாதம்? ஜூலை 23-ஆம் தேதியிலிருந்தே மத்திய அரசு எச்சரித்ததாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மறுநாள் அவையில் கூறினார். சிவப்பு எச்சரிக்கை வந்ததே நிலச்சரிவு நிகழ்ந்த பிறகுதான் என்று முதல்வர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்திலிருந்து பதிலளித்தார். யார் எப்போது எச்சரித்தார்கள் என்பதிலேயே நேரம் கழிந்தது.

எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்திருந்தால், லயத்தில் குடியிருக்கும் தொழிலாளி எங்கே போயிருப்பார் என்ற கேள்வியை இரு தரப்பினரும் எழுப்பவில்லை. அந்தக் கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இடிவதற்குச் சொந்த வீடு ஏது?

லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை அல்லது இரட்டை அறை வீடுகள். ஒரே கூரை, பொதுச் சுவர்கள். வயநாட்டில் இதையே 'பாடி' என்பார்கள். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீர் வசதியை எண்ணிச் சரிவின் அடிவாரத்திலும் ஓடைக் கரைகளிலும் கட்டினர். மலை சரியும்போது மண்ணும் பாறையும் தேர்ந்தெடுக்கும் பாதையும் அந்த ஓடைகள்தான். நூறாண்டுக்கு முந்தைய மழைக்கும் இந்த இருப்பிடம் ஆபத்தானதே. 1924 ஜூலையில் பெய்த பெருமழை மூணாறில் ஓடிக்கொண்டிருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதையையே அழித்தது. அந்த ரயில் அதற்குப் பின் ஓடவே இல்லை. ஒரு மாத மழை ஓரிரு நாளில் கொட்டுகிற இன்றைய காலத்தில் அந்த ஆபத்து பன்மடங்காகியிருக்கிறது.

அப்படியானால் இடம் மாற வேண்டியதுதானே என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். லயம் தொழிலாளியின் வீடு அன்று. வேலை இருக்கும்வரை தோட்ட நிர்வாகம் கொடுத்திருக்கும் இருப்பிடம் அது. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். எனவே தந்தை ஓய்வு பெறும்போது மகனோ மருமகளோ தோட்ட வேலையில் சேர்வது, கூலிக்காக மட்டுமல்ல, கூரைக்காகவும்தான். நான்கு தலைமுறையாக ஒரே மலையில் வாழ்ந்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள் மூணாறிலும் பீர்மேட்டிலும் ஏராளம். 2000-ஆம் ஆண்டின் இறுதியில் பீர்மேட்டில் மூடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்கள், கூலியும் இன்றிப் பராமரிப்பும் இன்றி அதே லயங்களில் தொடர்ந்து வசித்தனர். ஒழுகும் கூரைக்குத் தார்ப்பாய் போட்டுக் காலம் தள்ளினர். அவர்களுக்கும் போக்கிடம் இருக்கவில்லை.

பேரிடர் நிவாரண விதிகள் இந்த நிலையைக் கணக்கில் கொள்ளவில்லை. மலைப்பகுதியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு 1.30 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசின் 2022-26 காலத்துக்கான விதிமுறை நிர்ணயித்தது. அது சொந்த வீட்டை இழந்தவரை மனதில் கொண்டு எழுதப்பட்ட விதி. லயத்தில் இருப்பவருக்கு இடிவதற்குச் சொந்த வீடு ஏது? வயநாட்டில்கூட, பாடிகளில் குடியிருந்தவர்களுக்கு வேறு எங்கும் வீடு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே மறுவாழ்வுப் பட்டியலில் இடம் கிடைத்தது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியது. பின்னர் செய்யப்பட்ட ஒரு திருத்தம், அந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. நல்ல திருத்தம். ஆனால் அதிலேயே ஒரு விலக்கும் இருந்தது: வீடு இடிந்ததற்கு இயற்கைச் சீற்றம் காரணமாக இருந்தால் முதலாளிக்குப் பொறுப்பு இல்லை. ஓடைக் கரையில் லயத்தைக் கட்டியது இயற்கையா, மனிதரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. பருவநிலை மாறிய காலத்தில் ஏறத்தாழ எல்லா இடிபாடுகளுக்கும் மழையைக் காரணம் காட்டிவிடலாம்.

அந்தச் சட்டமும் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அது கரைந்துவிட்டது. தோட்டத் தொழிலாளிக்கு எப்படிப்பட்ட வீடு என்பதை மாநில அரசு வகுக்கும் விதிகளே தீர்மானிக்கும் என்கிறது புதிய தொகுப்பு. வீடு எங்கே அமைய வேண்டும், எந்தச் சரிவில் அமையக் கூடாது என்பதை விதியாக எழுத இது ஒரு வாய்ப்பு. தொகுப்பை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற அரசியலில் இந்தச் சிறிய வாய்ப்பைத் தொழிற்சங்கங்களும் தவறவிட்டுவிடக் கூடாது.

1971-இல் தொடங்கிய கதை

நிலம் கேட்டால் தோட்டம் துண்டாடப்படும் என்ற வாதம் உடனே வரும். கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் உச்சவரம்பிலிருந்து தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. தோட்டமாக இருக்கும்வரைதான் அந்த விலக்கு. ஆகவே நிறுவனமே விரும்பினாலும் தொழிலாளிக்குப் பத்து சென்ட் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல என்பது உண்மை. ஆனால் மூணாறு நிலத்தின் கதை வேறு மாதிரியானது என்பதைக் கேரள அரசியல்வாதிகள் அறிவார்கள்.

1877-இல் பூஞ்சாற்று அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பெற்ற நிலமே கண்ணன் தேவன் மலைகள். 1971-இல் கேரள சட்டப்பேரவை தனிச் சட்டம் இயற்றி அந்த நிலம் முழுவதையும் அரசு வசமாக்கியது. விவசாயிகளின், குறிப்பாக நிலமற்ற வேளாண் தொழிலாளர்களின் நலனுக்காக நிலத்தைப் பகிர்ந்தளிப்பதே நோக்கம் என்று கூறப்பட்டது. அது வேளாண் சீர்திருத்தம்தான் என்று ஏற்று, 1972-இல் உச்ச நீதிமன்றமும் சட்டத்தை உறுதிசெய்தது. பின்னர் ஏறத்தாழ 57,000 ஏக்கர் தோட்டத்துக்கும் அதன் தேவைகளுக்குமாக நிறுவனத்திடம் திரும்பியது. மீதி நிலத்தில் பால் பண்ணை, காடு வளர்ப்பு, அரசு அலுவலகங்கள், ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பு அகற்றம், மீண்டும் ஆக்கிரமிப்பு என்று அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. தங்கும் விடுதிகளுக்கு இடம் கிடைத்த மலையில், அந்த மலையைத் தேயிலைக் காடாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

பெட்டிமுடியில் தப்பியவர்களில் 8 குடும்பங்களுக்குக் குட்டியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது. தோட்ட நிறுவனம் வீடு கட்டிக் கொடுத்தது. விபத்து நடந்து ஓராண்டுக்குள்ளேயே அந்த வீடுகள் எழுந்தன. முடியாது என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்ட ஒன்று சில மாதங்களில் முடிந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 2015-இல் போனஸ் கேட்டு மூணாறை முடக்கிய 'பெம்பிளை ஒருமை' பெண்களின் போராட்டத்தில் முன்னணியில் நின்ற கோமதி, 2020 ஆகஸ்ட் 13-ஆம் தேதி பெட்டிமுடியைப் பார்வையிட்டுத் திரும்பிய முதல்வரின் வாகனத்தை மறிக்க முயன்று கைதானார். அவர் எழுப்பியதும் நிலமும் வீடும் என்ற கோரிக்கையைத்தான். பெட்டிமுடி மலை சரிந்ததற்கு மறுநாள் கோழிக்கோடு விமான விபத்தில் இறந்தவர்களுக்கு மாநில அரசு 10 லட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாயும் அறிவித்ததை அப்போது தமிழகத் தலைவர்கள் பலர் கண்டித்தனர். பணத்தில் இருந்த பாகுபாடு எல்லார் கண்ணிலும் பட்டது. நிலத்தில் இருக்கும் பாகுபாடு அந்த அளவுக்குப் படவில்லை.

பாலக்காட்டுப் பக்கம்

இடுக்கியோடு இந்தக் கதை முடிவதில்லை. வடக்கே, பொள்ளாச்சி, ஆனைமலையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்திலும் இதே துண்டிப்புதான். 2018 ஆகஸ்ட் மழையில் நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்குச் செல்லும் ஒரே சாலை பல இடங்களில் சரிந்து, தோட்டத் தொழிலாளர்கள் மலைமேல் தனித்து விடப்பட்டனர். ஹெலிகாப்டரில் உணவு போயிற்று. பரம்பிக்குளம் இன்னும் விசித்திரம். கேரள மண்ணில் இருக்கும் அந்த அணையைப் பராமரிப்பது தமிழக அரசு. அங்கே சாலை வழியாகப் போக வேண்டுமானால் கேரள அதிகாரியும் தமிழகத்தின் சேத்துமடை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். 2022 செப்டம்பரில் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து வெள்ளம் பாய்ந்தபோது, தண்ணீர் ஒரு மாநிலத்துக்கும் பொறுப்பு இன்னொரு மாநிலத்துக்கும் போனது. பரம்பிக்குளத்தை அடுத்த முதலமடை ஊராட்சியின் தேக்கடி பழங்குடி மக்கள், தங்கள் ஊராட்சித் தலைமையிடத்தை நேராக அடைய 2020 காந்தி ஜெயந்தி அன்று தாங்களே மண்வெட்டி எடுத்துப் பாதை வெட்டத் தொடங்கினர்.

இஸ்ரோ 2023-இல் வெளியிட்ட நிலச்சரிவு வரைபடத் தொகுப்பில், நாட்டின் 147 மாவட்டங்களில் பாலக்காடு 5-ஆவது இடத்திலும் இடுக்கி 18-ஆவது இடத்திலும் உள்ளன. ஆகவே, அறியாமல் நேர்ந்தது என்று இனி எந்த அமைச்சகமும் சொல்ல முடியாது.

நிதி வருகிறதா? வருகிறது. வயநாட்டு அழிவுக்குப் பிறகு, 2024 நவம்பரில் 15 மாநிலங்களுக்கு 1,000 கோடி ரூபாயில் தேசிய நிலச்சரிவு அபாயத் தணிப்புத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதில் கேரளத்துக்கு 72 கோடி, தமிழகத்துக்கு 50 கோடி. இந்தத் தொகையில் சரிவுகளைக் கட்டலாம், மழைமானிகள் வைக்கலாம். ஆயிரக்கணக்கான லயங்களை இடம் மாற்ற முடியாது. லயங்களைச் சீரமைக்கக் கேரள அரசு தன் நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கியதும் 10 கோடி ரூபாய்தான். அதுவும் சீரமைப்புக்கு, இடமாற்றத்துக்கு அன்று. வயநாட்டின் மறுசீரமைப்புக்குத் தில்லி முதலில் கொடுத்த 529.50 கோடி ரூபாயும் மானியமாக அல்ல, 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாகவே வந்தது. அதையும் ஒன்றரை மாதத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன்.

கடலோரத்துக்கு நிலைமை இத்தனை மோசமில்லை. ஆந்திரம், மகாராஷ்டிரம், ஒடிசா மாநிலங்களின் கடலோர மக்களுக்காகப் பசுமைப் பருவநிலை நிதியம் 2018-இல் 4.3 கோடி டாலருக்கு மேல் ஒப்புதல் அளித்தது. அலையாத்திக் காடுகளுக்கு 2023-இல் மத்திய அரசே தனித் திட்டம் அறிவித்தது. மீனவர்களுக்குக் கிடைத்தது அதிகம் என்று யாரும் சொல்லவில்லை. நாகையிலும் குமரியிலும் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது; அவர்களுக்கு இன்னும் வேண்டும். ஆனால் கடற்கரைவாசி என்றால் பருவநிலையால் பாதிக்கப்படுபவர் என்று உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. மலைத் தோட்டத் தொழிலாளியை அந்தக் கண்ணோடு பார்க்க ஆளில்லை. அவர் தொழிலாளர் துறைக்குக் கூலிப் பிரச்னை. வனத் துறைக்கு எல்லைப் பிரச்னை. 2014 முதல் ஆறு முறை வெளியான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் பாதுகாப்பு வரைவு அறிவிக்கையைச் சுற்றி நடந்த சண்டையிலும், குடியேறிய விவசாயியின் பட்டா பற்றிப் பேசிய அளவுக்குப் பட்டாவே இல்லாத தொழிலாளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

தமிழகத்தின் மௌனம்

கேரளத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. இடுக்கி என்றவுடன் தமிழக உறுப்பினர்களுக்கு நினைவுக்கு வருவது முல்லைப் பெரியாறு. கேரள உறுப்பினர்களுக்கும் அதுவே. 142 அடியா, 152 அடியா, புதிய அணையா என்ற வாதம் ஏறத்தாழ ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எழுகிறது. ஐந்து மாவட்ட மக்களின் வாழ்வாதாரம் என்பதால் அது எழத்தான் வேண்டும். ஆனால் அதே மாவட்டத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்காக இரு மாநில உறுப்பினர்களும் ஒரே குரலில் பேசிய சந்தர்ப்பங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். 1956 மாநிலப் பிரிவினையில் கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அதற்குப் பின் அந்த மக்கள் இரு மாநிலங்களுக்கும் பாதி சொந்தம், பாதி அந்நியம். தேவிகுளம் தனித் தொகுதியில் 2021-இல் வென்ற ஆ. ராஜாவின் வெற்றியையே கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் செல்லாது என்றது. அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே குடியேறியவர்களா என்பதும் வழக்கில் ஒரு கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டப்பேரவை உறுப்பினருக்கே இந்த நிலை என்றால் லயத்துக் கிழவி தன் உரிமையை எப்படி நிறுவுவார்?

தமிழகத்துக்குள்ளும் நிலைமை வேறல்ல. வயநாடு சரிந்த அதே 2024 ஜூலை 30 அன்று வால்பாறை அருகே சோலையாறு அணைப் பகுதியில் மண் சரிந்து பாட்டியும் பேத்தியும் இறந்தனர். மாஞ்சோலையில் குத்தகை முடியும் முன்பே தோட்டத்தைக் கைவிட்ட நிறுவனம் 2024-இல் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னபோது, நான்கு தலைமுறை வாழ்ந்த வீடு தங்களுடையது அல்ல என்பதை அவர்களும் கண்டனர். சொந்த மாநிலத்தில் செய்யாததைப் பக்கத்து மாநிலத்திடம் கேட்பது சென்னைக்கு எளிதாக இருக்காது. மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பதினாறாவது நிதிக்குழுவின் ஐந்தாண்டுக் காலம் 2026 ஏப்ரலில் தொடங்குகிறது. பேரிடர் தணிப்பு நிதியை எதற்குச் செலவிடலாம் என்ற விதிமுறைகளில், வேலையோடு கட்டுண்ட தோட்டக் குடியிருப்புகளை ஆபத்தான சரிவுகளிலிருந்து மாற்றி அமைப்பதையும் ஒரு வரியாகச் சேர்க்க உள்துறை அமைச்சகத்தால் முடியும். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நிலத்தைக் கேரளம் தர வேண்டும். 1971 சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கட்டுமானச் செலவில் தோட்ட நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. குட்டியாறு பள்ளத்தாக்கில் அது நடந்தது. நீலகிரிக்குப் புவியியல் ஆய்வுத் துறை வெளியிட்டுவரும் நிலச்சரிவு முன்னறிவிப்பை ஆனைமலையின் இருபுறமும் ஒரே அமைப்பாக விரிவுபடுத்த இரு மாநிலங்களும் சேர்ந்து கேட்டால் தில்லி மறுக்கக் காரணமில்லை. இந்த ஒரு வரிக்காக மக்களவையில் எழ வேண்டியவர்கள் இடுக்கி, ஆலத்தூர் உறுப்பினர்கள் மட்டுமல்லர். தேனி, பொள்ளாச்சி உறுப்பினர்களும், கயத்தாற்றுக்கு உரியவர் என்ற முறையில் தூத்துக்குடி உறுப்பினரும்தான்.